பூட்டிக் கிடந்த மன்றமும் கேட்கப்படாத இழப்பும்

சங்கரன்கோவில் நகராட்சியின் கூட்ட அரங்கில் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை ஒரு கவுன்சிலர்கூட அமர்ந்து விவாதிக்கவில்லை. ஐந்தாண்டு நான்கு மாதம் என்பது ஒரு மன்றத்தின் முழுப் பதவிக்காலத்தைவிட நீண்டது. அந்த இடைவெளிக்குள்தான் கொரோனா பெருந்தொற்று வந்தது, பொது முடக்கம் வந்தது, இரண்டாம் அலையின் மரணங்கள் வந்தன. முப்பது வார்டுகள் கொண்ட ஒரு நகரம், தன் வாழ்நாளில் சந்தித்த மிகப் பெரிய இடரைத் தனக்கென ஒரு மன்றம் இல்லாமலேயே கடந்தது. எந்தத் தெருவுக்கு எது முதலில் வேண்டும், எந்தக் கட்டணத்தைத் தள்ளி வைக்கலாம், எந்த வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று கேட்கவும் சொல்லவும் வாக்குப் பெற்ற ஒருவரும் அங்கே இல்லை. அந்த வெற்றிடத்தின் விலையை இந்த ஊர் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஊரை மீட்டெடுக்கும் செலவை ஊரே கூடி முடிவு செய்ய வேண்டும். வார்டு மக்களிடம் கேட்காமல் நகராட்சியின் எந்த வரவு-செலவுத் திட்டமும் நிறைவேறக் கூடாது. மன்றம் இனி ஒருநாள்கூடக் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

இந்த வெற்றிடம் இயற்கைப் பேரிடரால் ஏற்பட்டதன்று. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிக்கையை, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தலை நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு, மேல்முறையீடு என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டன. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்பது 1993 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள 74ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் தெளிவான கட்டளை. அந்தக் கட்டளை காகிதத்தில் இருக்க, நகராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும், அடுத்த மாதம் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலிலிருந்து இந்தப் பகுதியும் விலக்கப்பட்டது. 2021 அக்டோபரில்தான், அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, இங்குள்ள ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. ஆக, இரண்டு அலைகளின்போதும் தென்காசி மாவட்டத்தில் நகரத்திலும் மன்றம் இல்லை, சுற்றியிருந்த கிராமங்களிலும் ஊராட்சித் தலைவர் இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போனது என்பதை ஊரின் பிழைப்பை வைத்தே அளக்க வேண்டும். சங்கரன்கோவில் விசைத்தறியையும் பூவையும் கோயிலையும் நம்பி வாழும் ஊர். 2020 மார்ச் இறுதியில் முடக்கம் தொடங்கியபோது தறிச் சத்தம் நின்றது. நெய்த அளவுக்குக் கூலி வாங்கும் குடும்பத்துக்குத் தறி நின்ற அன்றே வருமானமும் நின்றது. திருமணங்களும் திருவிழாக்களும் அடங்கியபோது மல்லிகைக்கு வாங்குவோர் இல்லை. செடியில் மலர்ந்த பூவை முடக்கம் முடியும்வரை இருப்பு வைக்கவும் முடியாது. பெரிய கோயில்கள் 2020 ஆகஸ்ட் இறுதிவரை பக்தர்களுக்குத் திறக்கப்படாததால், பல மாவட்டங்களிலிருந்து மக்களை அழைத்துவரும் ஆடித் தபசுத் திருவிழாவும் அவ்வாண்டு கூட்டமில்லாமல் போனது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் வியாபாரத்தை நம்பி ஆண்டுக் கடனை அடைக்கும் தேங்காய்க் கடைக்காரரும், பூக்கட்டும் பெண்ணும், தள்ளுவண்டிக்காரரும் அடைந்த நட்டம் எந்த அரசுக் கணக்கிலும் தனி வரியாக ஏறவில்லை. குடும்ப அட்டைக்கு 2020இல் 1,000 ரூபாயும், 2021இல் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் மாநில அரசு வழங்கியது. பல வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தப் பணத்தால்தான். ஆனால், மாநிலம் முழுமைக்கும் ஒரே அளவாகத் தைத்த சட்டை அது. தறி ஊருக்கு ஒரு தேவை, மீன்பிடி ஊருக்கு வேறொரு தேவை என்று பிரித்துப் பார்ப்பது நகர்மன்றத்தின் வேலை. அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

இடர்க்காலத்தில் வேண்டியது விவாதமா, விரைவா என்று கேட்பவர்கள் உண்டு. ஆணையாளரும் சுகாதார ஆய்வாளரும் தூய்மைப் பணியாளர்களும் அன்று ஆற்றிய பணி மகத்தானது. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. தமிழகத்தின் பொது சுகாதாரக் கட்டமைப்பு பல மாநிலங்களைவிட உறுதியாக நின்றதும் உண்மை. ஆனால், விரைவும் மன்றமும் ஒன்றுக்கொன்று பகை என்பது தவறான கணக்கு. இங்கிருந்து புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். முடக்கம் அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே அங்கே உள்ளாட்சிகள் சமூகச் சமையலறைகளைத் தொடங்கின. முதல்நிலைச் சிகிச்சை மையங்களை நடத்தின. எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்ற விவரத்தை வார்டு உறுப்பினர் கையில் வைத்திருந்தார். பெருந்தொற்று நீடித்த 2020 டிசம்பரிலேயே மூன்று கட்டமாக உள்ளாட்சித் தேர்தலையும் அந்த மாநிலம் நடத்தி முடித்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியே, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்துப் பழகியதன் பலன் அது. அதிகாரி மருந்தையும் உணவையும் கொண்டுவந்து சேர்ப்பார். எந்த வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பதை வார்டுக்காரர் சொல்வார். இருவரும் இருந்த இடத்தில் வேலை விரைவாகவே நடந்தது.

இங்கே சங்கரன்கோவிலில் புதிய மன்றம் 2022 மார்ச் 2 அன்றுதான் பதவியேற்றது. நான்கு வாரத்தில் புதிய நிதியாண்டு பிறந்தது. முதலிரண்டு மாதத்தில் அந்த உறுப்பினர்களின் மேசைக்கு வந்த மிகப் பெரிய பொருள் எது? பெருந்தொற்றால் நொடித்தவர்களுக்கான நிவாரணம் அல்ல, சொத்து வரி உயர்வு. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் மாநில அரசு அறிவித்தபடி, நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,200 சதுர அடி வரை 50 விழுக்காடும், 1,800 சதுர அடி வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் வரி உயர்ந்தது. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. பல ஆண்டுகளாக உயர்த்தப்படாத வரி, ஒருநாள் உயர வேண்டியதே. சிறிய வீட்டுக்குக் குறைந்த உயர்வு என்ற ஏற்பாட்டிலும் நியாயம் உண்டு. ஆனால், இரண்டாண்டு வியாபாரம் இழந்த கடைக்காரருக்கும், தறிக்கூடம் வைத்திருப்பவருக்கும் இந்த ஊரில் ஓராண்டு அவகாசம் தரலாமா, தவணையாக வாங்கலாமா என்ற கேள்விக்கு மன்றங்களுக்கு உண்மையான இடம் இருந்ததா? மேலிருந்து வந்த விகிதத்துக்கு ஒப்புதல் தீர்மானம் போடுவதே உறுப்பினர்கள் முன் வைக்கப்பட்ட வேலையாக இருந்தது. வரி விதிக்கும் மன்றத்துக்கு, வரி கட்டுபவரின் நிலையை எடைபோடும் உரிமையும் வேண்டும்.

உயர்வுக்கு ஒன்றிய அரசின் நிபந்தனை காரணமாகக் காட்டப்பட்டது, அதுவும் உண்மையே. என்.கே.சிங் தலைமையிலான 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நாட்டின் உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் நகர்ப்புறங்களுக்கு 1,21,055 கோடி. உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி. பெருந்தொற்றைப் பார்த்தபின் எழுதப்பட்ட பரிந்துரை என்பதால்தான் சுகாதாரத்துக்கு இத்தனை பெரிய தனித்தொகை. ஆனால், சங்கரன்கோவில் போன்ற சிறு நகரங்களுக்கு வரும் மானியத்தில் நூற்றுக்கு அறுபது ரூபாய் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே முடிச்சுப் போடப்பட்டிருந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்காத மாநிலத்தின் நகரங்களுக்கு மானியமே இல்லை என்பதும் அந்த ஆணையத்தின் நிபந்தனையாக இருந்தது. இதற்கு முந்தைய 14ஆவது நிதி ஆணையக் காலத்திலோ, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதற்காகவே தமிழக உள்ளாட்சிகளின் மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேர்தல் நடத்தாதது மாநிலம், தண்டனை பெற்றது தெருவிளக்கும் சாக்கடையும். மன்றத்தைப் பூட்டிவைப்பது சிக்கனம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நகராட்சியிடம் பணமே இல்லாதபோது முடிவெடுக்க என்ன இருக்கிறது என்பது அடுத்த வாதம். சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம் போக மிஞ்சுவது சொற்பம் என்பதை மறுக்க முடியாது. ஐந்தாவது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடுதான் மொத்த உள்ளாட்சிகளுக்கும் பகிரப்பட்டது. ஆனால், பத்து ரூபாய் உள்ள வீட்டில்தான் எதை முதலில் வாங்குவது என்ற பேச்சு அதிகம் தேவைப்படும். மானியத்தில் முடிச்சில்லாத பங்கும், கடை வாடகையும், வரி உயர்வால் வந்த கூடுதல் வருவாயும் எங்கே போகின்றன என்பதுதான் ஊருக்கு முன்னுள்ள கேள்வி. பூச்சந்தைக்குக் கூரையும் கழிப்பறையுமா, ஏற்கெனவே நன்றாக இருக்கும் சாலைக்கு மறுபடியும் தாரா? தறித் தெருக்களுக்கு நாள்விட்டு நாள் குடிநீரா, பேருந்து நிலையத்துக்கு அலங்கார வளைவா? மாநிலம் முழுவதும் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூனில் 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன, நல்ல திட்டம். அப்படியொரு மையம் எந்த வார்டில் அமைந்தால் வேலைக்குப் போகும் பெண் கூலியை இழக்காமல் மருத்துவரைப் பார்க்க முடியும் என்பதை அந்த வார்டுப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். இவை எவற்றுக்கும் கோடிகள் வேண்டாம், வரிசைப்படுத்தும் அதிகாரமும் அதற்கான கூட்டமும் வேண்டும்.

மன்றம் என்றாலே பூசலும் கமிஷனும்தானே என்ற சலிப்பு மக்களிடம் உண்டு. அந்தச் சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சங்கரன்கோவில் நகர்மன்றமே தன் தலைவர் மீது 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பது நம் கேள்வியன்று. நாம் கவனிப்பது வேறொன்று: கட்சி கடந்து உறுப்பினர்கள் ஒன்றுகூடவும், கையெழுத்திடவும், வாக்களிக்கவும் முடியும் என்பதை அந்த வாக்கெடுப்பு காட்டிவிட்டது. நாற்காலிக்காக முடிந்தது, வரவு-செலவுத் திட்டத்துக்காகவும் முடிய வேண்டும். முறைகேட்டுக்கு மருந்து மன்றத்தை மூடுவது என்றால், தனி அலுவலர் காலத்து ஒப்பந்தங்கள் எல்லாம் மாசற்றவை என்று நிறுவியாக வேண்டும். அப்படி யாரும் நிறுவியதில்லை. அலுவலர் மாறுதலாகிப் போனால் அவரிடம் கேள்வி கேட்க வழியில்லை. கவுன்சிலர் அதே தெருவில் குடியிருக்கிறார். ஐந்தாண்டு முடிந்ததும் அதே வாசலில் வந்து நிற்க வேண்டும். வெளிச்சத்தில் நடக்கும் பூசல், இருட்டில் நடக்கும் உடன்பாட்டைவிட ஊருக்குப் பாதுகாப்பானது.

அந்த வெளிச்சத்துக்குச் சட்டம் ஏற்கெனவே வழி செய்திருக்கிறது. நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் அமைக்க 2022 ஜூனில் விதிகள் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை உரிமை கிராமத்தாருக்கு இருந்தபோது நகரத்தாருக்கு அது இல்லை என்ற நீண்டகாலக் குறை இதனால் நீங்கியது. ஆனால், மனு வாங்கிக் கலையும் கூட்டமாக அது நின்றுவிட்டால் பயனில்லை. பகுதி சபைகள் ஜனவரியில் கூடி, தத்தம் பகுதிக்கான மூன்று முதன்மைத் தேவைகளைத் தீர்மானமாக எழுதித் தர வேண்டும். பிப்ரவரியில் அவை மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். மார்ச்சில் நிறைவேறும் வரவு-செலவுத் திட்டத்தில் எந்தத் தேவை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்ற பதில் வார்டுவாரியாக, எளிய தமிழில், நகராட்சி அலுவலகத்திலும் ஒவ்வொரு வார்டின் பொது இடத்திலும் ஒட்டப்பட வேண்டும். புனே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களிடம் சிறு பணிகளுக்கான கோரிக்கை பெற்று நிதி ஒதுக்கிவருகிறது; பெருநகரத்தில் முடிவது, நடந்தே சுற்றிவரக்கூடிய இந்த ஊரில் இன்னும் எளிதாக முடியும். கூடவே, முடிச்சில்லாத வருவாயில் ஒரு சிறு பங்கு இடர்க்கால நிதியாக ஒதுக்கப்பட வேண்டும். இடர் வந்தால் மன்றம் எத்தனை நாளில் கூட வேண்டும், எந்தக் கட்டணங்களைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் இப்போதே தீர்மானமாக்கிவிட வேண்டும்.

பெருந்தொற்று முடிந்துவிட்டதே, பழங்கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கந்துவட்டிக்கு வாங்கிய கடனும், பாதியில் நின்ற படிப்பும் ஊரடங்கோடு முடிந்துவிடவில்லை. அடுத்த இடர் கொரோனா வடிவில்தான் வரும் என்பதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையே அதற்குச் சாட்சி. அதைவிட அருகில் நிற்கும் ஆபத்து, பழைய வெற்றிடமே திரும்பி வருவது. 27 மாவட்டத் தேர்தலில் அமைந்த ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2026 அக்டோபரும், சங்கரன்கோவில் உள்ளிட்ட நகராட்சிகளுக்கு 2027 மார்ச்சும் இறுதி நாள்கள். யாருக்கும் தெரியாமல் வந்துவிடும் தேதிகள் அல்ல இவை. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றையும் உரிய காலத்தில் முடித்து, பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்துவது மாநில அரசின் கடமை, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை. ஆட்சி எந்தக் கட்சியுடையது என்பதற்கேற்ப இந்தக் கடமை மாறாது. 2016இல் ஒரு கட்சி ஆண்டது, 2025இல் இன்னொன்று ஆண்டது, காலி நாற்காலிகள் மட்டும் ஒரே மாதிரி இருந்தன.

பெருந்தொற்றில் சங்கரன்கோவில் இழந்ததை முழுமையாக ஈடுசெய்ய எந்த நகராட்சியாலும் முடியாது. ஆனால், இழந்தவர்கள் தங்கள் இழப்பைச் சொல்ல ஓர் இடமும், அதைக் கேட்டு நிதியை ஒதுக்க ஒரு மன்றமும் இருந்திருக்க வேண்டும். அன்று அது இல்லை. வரும் ஜனவரியில் பகுதி சபைகளைக் கூட்டுவதும், வார்டுவாரிக் கணக்கை ஒட்டுவதும் நகர்மன்றத்தின் கையில் இருக்கிறது. அதற்கு மேலிடத்து உத்தரவு எதுவும் தேவையில்லை. தேர்தலைத் தள்ளிப்போடாமல் நடத்துவது அரசின் கையில் இருக்கிறது. இரண்டையும் விடாமல் கேட்பது ஊர் மக்களின் கையில். தறி அடுத்தமுறை நிற்க நேர்ந்தால், அந்தத் தறிக்காரரின் வார்டிலிருந்து போன ஒருவர் மறுநாளே மன்றத்தில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். முப்பது நாற்காலிகள் அதற்காகத்தான் போடப்பட்டிருக்கின்றன.