வாசற்படியிலேயே குரல் வேண்டும்

கண் தெரியாதவனுக்கு எதற்கு இத்தனை ரோஷம் என்று ஓர் அன்பர் கேட்டார். நல்ல மனிதர், என் நாவல்களை விடாமல் படிப்பவர். அவருக்குச் சொல்லும் பதில்தான் இது.

எனக்குப் பார்வை போய்ப் பத்து வருஷமாகிறது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான். திரையில் இருப்பதை 'ஆர்க்கா' என்ற மென்பொருள் வாசித்துச் சொல்லும். கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வேன். சென்ற மாதம் டிஸ்க் பழுதாயிற்று. புதியது மாட்டி, லினக்ஸை மறுபடியும் நிறுவ வேண்டும். என் கையிலிருந்த லினக்ஸ் வகையின் நிறுவும் திரையோ ஊமை. அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். யூ.எஸ்.பி.யிலிருந்து தொடங்கும்படி கம்ப்யூட்டரை மாற்றி அமைத்தான். திரையை வாசித்தான், நான் சொன்னபடி அழுத்தினான். கடைசியில், "பாஸ்வேர்டு என்ன மாமா?" என்றான்.

சொன்னேன். என் வீட்டுச் சாவியை நான் உரக்கக் கூவ வேண்டியிருந்தது.

"பிறகு மாற்றிக்கொண்டால் போகிறது. உதவி கேட்பதில் என்ன அவமானம்?" என்கிறார் அன்பர். உதவி கேட்பதில் அவமானமே இல்லை, ஐயா. கேட்டே தீரவேண்டும் என்று பிறர் விதித்து வைத்திருக்கிறார்களே, அதில்தான் இருக்கிறது.

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" இது அவருடைய அடுத்த கேள்வி. தானம் என்று யார் சொன்னது? 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் வற்புறுத்துவது விலையில்லாமையை அல்ல, சுதந்திரத்தை. எந்தக் காரியத்துக்கும் விரும்பியபடி இயக்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொல்லும் முதல் சுதந்திரம். அந்தச் சுதந்திரம் கண்ணுள்ளவர்களுக்கு மட்டுந்தானா?

முடியாத காரியமென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். 2013-ல் வந்த டெபியன் 7-லேயே, நிறுவும் மெனு வந்ததும் 'எஸ்' எழுத்தையும் என்டரையும் அழுத்தினால் போதும். பேச்சு தொடங்கிவிடும், கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கும். பேச்சோடு நிறுவினால், நிறுவி முடித்த பிறகும் பேச்சு இருக்கும். பெரும்பாலும் தொண்டர்கள் உழைப்பில் நடக்கும் அமைப்பு அது. அவர்களால் முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை? உள்ளே வந்தபின் உபசரித்து என்ன பயன்? வாசற்படியில் அல்லவா, "வாருங்கள்" என்று சொல்ல வேண்டும்!

கம்ப்யூட்டர் செய்து விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூ.எஸ்.பி.யா, டிஸ்கா என்று தேர்ந்தெடுக்கும் அந்த முதல் திரை பெரும்பாலும் இன்றுவரை பேசுவதில்லை. அதற்குப் பணம் கொடுத்தே வாங்குகிறோம். அங்கே தானப் பேச்சு செல்லாது.

மறுநாள் இரவு கதவைச் சாத்திக்கொண்டு, வேறொரு யூ.எஸ்.பி.யில் இருந்த டெபியனை நானே நிறுவினேன். பையன் மாற்றி வைத்தது அப்படியே இருந்ததால் பிழைத்தேன். 'எஸ்' அழுத்தினேன், குரல் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. ஒருவருக்கும் சொல்லாமல், என் விரலாலேயே அடித்தேன்.

அன்பரே, நீங்கள் ரோஷம் என்று சொன்னது இதைத்தான்.