வெள்ளிக்கிழமை அடைக்கப்படும் சாலை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய சானிபெல் தீவில் ‘டிங்’ டார்லிங் தேசிய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்கும் உவர்நீர்க் குட்டைகளுக்கும் நடுவே சுமார் ஆறரை கிலோமீட்டர் நீளும் ஒரு சாலைதான் அதன் பெரிய ஈர்ப்பு. கொசு ஒழிப்புக்காகப் போட்ட மண்கரை பின்னாளில் சாலையாயிற்று. காரில் ஊர்ந்தபடியே இளஞ்சிவப்புக் கரண்டிவாயன்களையும் கூழைக்கடாக்களையும் மிக அருகில் பார்க்கலாம். அந்தச் சாலையை வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பூட்டிவிடுகிறார்கள். அன்று ஒரு நாளாவது பறவைகள் மனிதத் தொந்தரவில்லாமல் கரையோரம் வந்து இரை தேடட்டும் என்பதற்காக. எங்கிருந்தோ பணம் செலவழித்து வந்து, வெள்ளியன்று வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு எரிச்சல் வருவது இயல்பே. ஆனாலும் அந்தப் பூட்டு சரியானது. இன்னும் சொன்னால், துணை வெப்பமண்டலக் கடற்கரைச் சரணாலயங்களில் இப்படிப்பட்ட பூட்டுகள் போதாது என்பதே என் கட்சி.

சரணாலயம் என்ற ஏற்பாடு எதற்காகப் பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களின் தொப்பிகளில் கொக்கின் இறகு செருகுவது நியூயார்க்கிலும் லண்டனிலும் நாகரிகம். இனப்பெருக்கக் காலத்தில் முளைக்கும் மெல்லிய இறகுக்குத்தான் கிராக்கி. ஆகவே கூட்டில் குஞ்சு இருக்கும்போதே தாயைச் சுட்டார்கள். குஞ்சுகள் தாமாகவே செத்தன. புளோரிடாவின் கொக்குக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இந்தப் பின்னணியில்தான் 1903 மார்ச் 14 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், இந்தியன் ரிவர் காயலில் இருந்த பெலிக்கன் தீவை அரசுப் பறவைக் காப்பிடமாக அறிவித்தார். சில ஏக்கர் அலையாத்தித் திட்டு, அவ்வளவுதான். அதற்குக் காவல் பால் குரோகல் என்ற படகு கட்டும் ஜெர்மானியக் குடியேறி. மாதச் சம்பளம் 1 டாலர். அதையும் கொடுத்தது அரசு இல்லை, பறவை ஆர்வலர் அமைப்பு. தெற்கே எவர்கிளேட்ஸ் பகுதியில் கய் பிராட்லி என்ற இன்னொரு காவலர் 1905 ஜூலையில் இறகு வேட்டையைத் தடுக்கப்போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக, அமெரிக்காவின் முதல் தேசியப் புகலிடம் மனிதர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காக உண்டாகவில்லை. மனிதர்களை வெளியே நிறுத்துவதற்காக உண்டானது. இன்று அமெரிக்காவில் இத்தகைய தேசியப் புகலிடங்கள் 570ஐத் தாண்டிவிட்டன. 1997இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இதையே சொல்கிறது: முதலில் வனவிலங்கு, மனிதப் பயன்பாடு எதுவானாலும் அந்த முதல் நோக்கத்துக்கு இடையூறு இல்லை என்றால் மட்டும் அனுமதி.

துப்பாக்கி வைத்திருந்தவனையும் கேமரா வைத்திருப்பவனையும் ஒன்றாகப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பறவைக்கு அந்த வேறுபாடு தெரியாது. டிங் டார்லிங்கிலேயே நடந்து 1990களில் வெளியான ஆய்வு ஒன்று, காருக்குள் இருந்தபடி கடந்துபோகிறவர்களைவிட, இறங்கி நடந்து நெருங்குகிறவர்களே பறவைகளை அதிகம் கலைக்கிறார்கள் என்று கண்டது. அப்படி இறங்கி நெருங்குகிறவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் யார்? புகைப்படக்காரர்கள், பறவைமேல் கொள்ளைப் பிரியம் கொண்டவர்கள்! கூட்டம் கூடக்கூடச் சில நீர்ப்பறவை இனங்கள் சாலையை விட்டே விலகிப் போயின என்பது அதே தொடர் ஆய்வின் இன்னொரு முடிவு. 1995இல் வெளியான வேறொரு புளோரிடா ஆய்வு, கொக்கு, நாரைக் குடியிருப்புகளிலிருந்து மனிதர்கள் ஏறத்தாழ 100 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்றும், மணலில் முட்டையிடும் ஆலா இனங்களுக்கு 180 மீட்டர் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பறவை ஒருமுறை எழுந்து பறப்பதில் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். கூட்டை விட்டு எழுந்த சிறிது நேரத்தில் வெயில் முட்டையை வேகவைத்துவிடலாம். காகம் குஞ்சைத் தூக்கிவிடும். ஒருவர் செய்தால் சிறு பிழை. பருவம் முழுக்க நாளுக்கு நூறு பேர் செய்தால் அந்த ஆண்டின் தலைமுறையே போய்விடும்.

பூட்டுக்கு என்ன பலன் என்பதற்கு நல்ல சான்று ராக்கெட் தளத்தில் கிடைக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர்கள் தவறாமல் போய்வரும் கென்னடி விண்வெளி மையத்தைச் சுற்றியிருப்பது, சுமார் 1,40,000 ஏக்கர் பரப்புள்ள மெரிட் தீவு வனவிலங்குப் புகலிடம். 1962 முதல், ஏவுதளப் பாதுகாப்புக்காக அங்குள்ள காயலின் சில பகுதிகளுக்குள் மீன்பிடிப்பவர் யாரும் நுழையக் கூடாது என்று தடை வந்தது. மீனைக் காக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் சில பத்தாண்டுகளில் தடைப் பகுதிக்குள் மீன்கள் பெருத்தன, எண்ணிக்கையும் கூடியது. அதோடு நிற்கவில்லை. தூண்டில்காரர்கள் பதிவு செய்யும் உலக சாதனை எடையுள்ள மீன்கள் அந்தத் தடைப் பகுதியைச் சுற்றியுள்ள நீரில் அடுத்தடுத்துச் சிக்கத் தொடங்கியதை 2001இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை காட்டியது. உள்ளே தொடாமல் விட்டது வெளியே இருந்தவருக்கு வரவாயிற்று.

மேனட்டி என்ற நீர்ப்பசுவின் கதை இன்னும் நேரடியானது. நம் பாக் விரிகுடாவில் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு ஒன்றுவிட்ட உறவு அது. குளிர்காலத்தில் கடல்நீர் சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. வெதுவெதுப்பான ஊற்றுகளைத் தேடி ஆறுகளுக்குள் வந்துவிடும். கடலிலிருந்து சற்று உள்ளே, செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையிலுள்ள புளூ ஸ்பிரிங் ஊற்றில் 1970இல் ஆய்வு தொடங்கியபோது எண்ணியது 14 மேனட்டி. மாநில அரசு அந்த இடத்தை வாங்கியது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடியும்வரை மனிதர் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றது. பலகைப் பாதையில் நின்று பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் கடுங்குளிர் நாள் ஒன்றில் அங்கே 900க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். இந்த வளர்ச்சி முழுவதையும் தடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. படகு வேகக் கட்டுப்பாடும் சட்டப் பாதுகாப்பும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் ‘இறங்காதே’ என்றதால் பார்க்க வருகிறவர் குறைந்துவிடவில்லை. குளிர்நாட்களில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. மேற்குக் கரையில் கிரிஸ்டல் ரிவரில் வேறு வழி. அங்கே மேனட்டிகளோடு நீந்துவதே தொழில். கயிறு கட்டி ஒதுக்கிய பகுதிகளும், தொடாதே, துரத்தாதே என்ற விதிகளும் உண்டு. விதி இருப்பதே ஆசை எவ்வளவு என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழக அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாளைக்கு அங்கே படகுச் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தால், இந்த இரண்டு இடங்களில் எதன் வழி நமக்கு என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வது நல்லது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று: பார்க்காததை மக்கள் நேசிக்க மாட்டார்கள், நேசிக்காததற்குப் பணம் தர மாட்டார்கள். உண்மைதான், பாதி அளவுக்கு. பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை வேடிக்கையாகப் போகிறது. டிங் டார்லிங் என்பவர் செய்தித்தாள் கார்ட்டூனிஸ்ட், புலிட்சர் பரிசு பெற்றவர்; சிறிது காலம் அரசின் வனவிலங்குத் துறைத் தலைவராகவும் இருந்தார். 1934இல் வாத்து வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய வாத்து முத்திரையின் முதல் படத்தை வரைந்தவர் அவரே. அந்த முத்திரையில் வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. பணம் தந்தவர்கள் வேட்டைக்காரர்கள்; நெருங்கிப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் அல்லர். நேசத்தைப் பொறுத்தவரை, முன்னே சொன்ன டிங் டார்லிங் ஆய்வில் ஒரு செய்தி இருக்கிறது: புகலிட ஊழியரிடமோ தன்னார்வலரிடமோ பேசிவிட்டுப் போனவர்கள் பறவைகளைக் குறைவாகவே கலைத்தார்கள். ஆக, மனத்தை மாற்றியது பேச்சு; தூரத்தைக் குறைத்ததால் வந்த மாற்றம் அன்று. கூடுதல் வாகன நிறுத்தம் கட்டும் காசில் இரண்டு பேசத் தெரிந்த ஆட்களை நியமிக்கலாம்.

இரண்டாவது எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சுற்றுலாப் பயணி சின்னக் குற்றவாளி. பெரிய குற்றவாளி கழிவுநீரும் உரமும். 2021இல் புளோரிடாவில் ஏறத்தாழ 1,100 மேனட்டிகள் செத்தன. பெரும் காரணம் பட்டினி. இந்தியன் ரிவர் காயலில் சத்துக்கழிவு சேர்ந்து பாசி பெருகி, வெளிச்சம் இல்லாமல் கடற்புல் அழிந்துபோயிருந்தது. கடைசியில் அரசே லெட்யூஸ் கீரை கொண்டுவந்து போட வேண்டியதாயிற்று. எந்தப் பூட்டும் இதைத் தடுத்திருக்காது. ஆனால் இது பூட்டுக்கு எதிரான வாதமாகுமா? ஏற்கெனவே பசியில் இருக்கும் உயிருக்கு ஒவ்வொரு தொந்தரவும் கூடுதல் செலவு. கழிவைச் சரிசெய்ய இருபது ஆண்டு ஆகலாம். வெள்ளிக்கிழமை கதவை அடைக்க ஒரு சங்கிலி போதும்.

பெலிக்கன் தீவில் இன்றும் யாரும் கால்வைக்க முடியாது. படகுகள் எழுப்பிய அலை அரித்து அரித்து அதன் பரப்பு ஒருகாலத்தில் பாதிக்கும் கீழே போயிற்று. சிப்பி ஓடுகளைக் கொட்டி, அலையாத்தி நட்டுக் கரையை மீட்டார்கள். பார்க்க வருபவர்களுக்கு எதிர்க்கரையில் ஒரு பலகைப் பாதை. ஒவ்வொரு பலகையிலும் ஒரு புகலிடத்தின் பெயரும் அது தொடங்கிய நாளும் செதுக்கியிருக்கிறது. பாதையின் முடிவில் பார்வைக் கோபுரம். அதில் ஏறினால் தூரத்தில் நீருக்கு நடுவே ஒரு பச்சைத் திட்டு, அதன்மேல் வெள்ளையும் பழுப்புமாகச் சில புள்ளிகள். தொலைநோக்கி கொண்டுபோவது நல்லது.