கண் நம்முடையது, உடம்பு யாருடையது?

பாலாகோட்டுக்குப் பிறகு ‘நேத்ரா’ என்ற பெயர் டீக்கடை வரை வந்துவிட்டது. வானத்தில் சுற்றிக்கொண்டே எதிரி விமானங்களை எட்டத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லும் ரேடார் விமானம். டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூர் ஆய்வகங்கள் உருவாக்கியது. 2017 பிப்ரவரியில் விமானப்படை கைக்கு வந்தது. ‘முழுக்க முழுக்க நம்ம சரக்கு’ என்று என்னோடு பொறியியல் படித்தவர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர், என்னைப் போலவே, மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவர்கள். அதனால்தான் இந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

ரேடார் நம்முடையது, சரி. அது தரும் சிக்னலைப் பிரித்துப் பொருள்சொல்லும் மென்பொருளும் நம்முடையது. இது சின்ன விஷயமில்லை, உலகத்தில் இதைச் செய்யக்கூடிய நாடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் அந்த ரேடாரை முதுகில் சுமந்து பறக்கும் விமானம் பிரேசிலின் எம்ப்ரேயர் இ.எம்.பி-145. 2008இல் ஒப்பந்தம் போட்டு 3 விமானங்கள் வாங்கினோம். இதே குடும்பத்து உடம்புக்குள் சோபாவும் மேசையும் போட்டால் அதன் பெயர் லெகஸி 600. கம்பெனி முதலாளிகள் போகிற பிசினஸ் ஜெட். நம் விமானப்படையின் வி.ஐ.பி. பிரிவிலும் அது இருக்கிறது. அமைச்சரைச் சுமப்பதும் பிரேசில், எல்லையைக் காப்பதும் பிரேசில். அடுத்த தலைமுறை நேத்ராவுக்கு எடுத்திருப்பது ஏர் இந்தியா ஓட்டிய பழைய ஏ321 விமானங்கள்.

‘உடம்பு எங்க வாங்கினா என்னப்பா, மூளை நம்மதுதானே’ என்பது நண்பர்களின் பதில். இந்த வாக்கியம்தான் என் எதிரி.

பிசினஸ் ஜெட் என்ற பொருளே எப்படி வந்தது என்று பார்த்தால் இந்த வாக்கியத்தின் பொய் தெரியும். பணக்காரனின் பொம்மை என்று நாம் நினைக்கிறோம். 1956 வாக்கில் அமெரிக்க விமானப்படைக்கு ஒரு சின்ன ஜெட் தேவைப்பட்டது: அதிகாரிகளை ஏற்றிப்போக, விமானிகளுக்குப் பயிற்சி தர. அந்தத் தேவையைப் பார்த்துத்தான் நார்த் அமெரிக்கன் சேபர்லைனரையும், லாக்ஹீட் ஜெட்ஸ்டாரையும் செய்தன. சேபர்லைனர் 1958இல் பறந்தது. டி-39 என்ற பெயரில் அதன் முதல் வகையை மட்டுமே 143 என்ற கணக்கில் விமானப்படை வாங்கியது. அதில் ஒன்று 1964 ஜனவரியில் வழிதவறிக் கிழக்கு ஜெர்மனிக்குள் போய், சோவியத் மிக் சுட்டு வீழ்த்தியதில் உள்ளேயிருந்த 3 பேரும் இறந்தார்கள். பொம்மையை யாரும் சுட்டு வீழ்த்துவதில்லை.

ஜெட்ஸ்டார் கதை இன்னும் சுவாரசியம். கெல்லி ஜான்சன் குழு வடிவமைத்தது, 1957 செப்டம்பர் 4 அன்று முதல்முறை பறந்தது. நடுவில் ராணுவ பட்ஜெட் வெட்டு வந்து அந்த டெண்டரே ஆட்டம்கண்டது. லாக்ஹீட் சொந்தக் காசைப் போட்டுத் தொடர்ந்தது, உண்மை. ‘பாத்தியா, தனியார்தான் செஞ்சது’ என்று துள்ள வேண்டாம். சண்டை விமானங்களை அரசுக்கு விற்றே வளர்ந்த கம்பெனியின் சொந்தக் காசு அது. பின்னால் விமானப்படை 16 ஜெட்ஸ்டார்களை வாங்கவும் செய்தது. அதில் 5 விமானங்களின் வேலை, தரையிலுள்ள வழிகாட்டும் ரேடியோ கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பறந்து பறந்து சோதிப்பது. வியட்நாம் போரிலும் அந்த வேலை நடந்தது. அதிபர் ஜான்சன் தன் டெக்சாஸ் பண்ணைக்குப் போனதும் ஜெட்ஸ்டாரில்தான்.

இதில் நம் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய தகவல் ஒன்று உண்டு. ஜெட்ஸ்டாரின் முதல் மாதிரி பறந்தது 2 பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் எஞ்சின்களில். அமெரிக்காவிலேயே அந்த எஞ்சினைத் தயாரிக்கும் பேச்சு முறிந்ததால்தான் பிறகு 4 பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களுக்கு மாறினார்கள். அமெரிக்காவுக்கு வாய்க்காத அந்த ஆர்ஃபியஸைப் பிரிட்டனிடம் உரிமம் வாங்கி உருவாக்கியது யார்? பெங்களூர் எச்.ஏ.எல். அதற்கென்றே 1957இல் தனிப் பிரிவு தொடங்கினார்கள். நேட் சண்டை விமானத்துக்கு அதுதான் எஞ்சின். குர்ட் டாங்க் இங்கே வந்து வடிவமைத்து 1961இல் பறந்த மருத்துக்கும் அதுதான், 2 எஞ்சின். எஞ்சின் இருந்தது. ஜெர்மன் வடிவமைப்பாளர் இருந்தார். தட்டித் தட்டி உலோகத்தை வளைக்கத் தெரிந்த தொழிலாளிகள் இருந்தார்கள். மருத்துக்கு வேகம் போதவில்லை, ஆர்ஃபியஸை மேம்படுத்த வேண்டும் என்றபோது அந்தச் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. மொத்தம் 147 மருத் செய்து அதோடு நிறுத்திக்கொண்டோம். அந்த வரிசையில் அடுத்த விமானம் வரவேயில்லை.

எச்.ஏ.எல். 1940இல் தொடங்கியது. எம்ப்ரேயர் 1969இல், அரசுக் கம்பெனியாக. அதன் முதல் விமானமான பண்டெய்ராந்தேவில் அதிசயம் ஒன்றுமில்லை, 2 டர்போபிராப் எஞ்சின் மாட்டிய சாதாரண வண்டி. ஆனால் பிரேசில் விமானப்படை 80 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த 80ஐச் செய்துமுடிப்பதற்குள் ஒரு ஊருக்கே விமானம் கட்டத் தெரிந்துவிட்டது. 1994 கடைசியில் கம்பெனியைத் தனியாருக்கு விற்றார்கள், அடுத்த வருஷமே 145 பறந்தது. நாம் போய் வாங்கிவந்த உடம்பு அது.

இப்போது சரஸைப் பார்ப்போம். பெங்களூர் என்.ஏ.எல்.லின் 14 இருக்கை விமானம். ஜெட் இல்லை, பின்பக்கம் புரொப்பெல்லர் வைத்த டர்போபிராப். அதிகாரிகள் பயணம், ஆம்புலன்ஸ், ராணுவம் என்று பிசினஸ் ஜெட் செய்கிற அத்தனை வேலைக்கும் நாமே வரைந்த முதல் விமானம். ரஷ்யாவின் மியாசிஷ்சேவ் நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கியது. சோவியத் உடைந்தபின் அவர்களிடம் பணமில்லை, விலகிவிட்டார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வந்த தடைகளில் கொஞ்சகாலம் போனது. 2004 மே 29 அன்று முதல் மாதிரி பறந்தது. திட்டமிட்டதைவிட பல நூறு கிலோ அதிக எடை. முதல் மாதிரி என்றால் அப்படித்தான் இருக்கும். 15 விமானங்கள் வாங்க விமானப்படை திட்டம் வைத்திருந்தது. பிரேசிலின் 80 எங்கே, இந்த 15 எங்கே!

2009 மார்ச் 6. இரண்டாவது மாதிரியில் ஒரு எஞ்சினை வானத்திலேயே அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை. பிடதி அருகே விழுந்தது. விங் கமாண்டர்கள் பிரவீண் கொட்டேகொப்பா, தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா மூவரும் இறந்தார்கள். பண்ணைப்புரம் இருக்கிற மாவட்டத்துக்காரனான எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வேறொருவர்தான் நினைவுக்கு வருவார். இந்த இளையராஜாவை எங்கள் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது. எஞ்சினை மறுபடி இயக்க வடிவமைப்பாளர்கள் வகுத்த முறையே தவறு, அதைப் போதிய உயரம் இல்லாதபோது செய்தார்கள் என்றது விசாரணை. அதாவது தவறு என்னவென்று தெரிந்துவிட்டது, திருத்தவும் முடியும். நாமோ விமானத்தை ஓரங்கட்டினோம். சில வருஷத்தில் பணம் நின்றது, ஆட்கள் கலைந்தார்கள். 2018 ஜனவரி 24 அன்று பழைய முதல் மாதிரியையே தட்டிச் சரிசெய்து மறுபடி பறக்கவிட்டார்கள். கிட்டத்தட்ட 9 வருஷ இடைவெளி.

‘இதெல்லாம் அரசாங்கத்துக்கு எதுக்குங்க, நம்மூர்ல ஒரு பில் லியர் பிறந்தாப் போதும்’ என்பார்கள். தனி ஆளாக லியர்ஜெட்டைச் செய்த மேதை என்று அவருக்கு ஒரு பிம்பம் இருக்கிறது. மேதைதான். ஆனால் அந்த விமானத்தின் இறக்கை எங்கிருந்து வந்தது? சுவிஸ் ராணுவத்துக்காக வடிவமைத்த பி-16 சண்டை விமானத்திலிருந்து. சுவிஸ் அரசு 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, ஒரு விபத்துக்குப் பிறகு 1958இல் ரத்து செய்தது. அங்கே கிடந்த அறிவைத்தான் லியர் எடுத்து விச்சிட்டாவுக்குக் கொண்டுபோனார். 1963இல் லியர்ஜெட் பறந்தது. பிற்பாடு அமெரிக்க விமானப்படையே 80 லியர்ஜெட்களைக் குத்தகைக்கு எடுத்தது.

தனி ஆள் கதை மேல் உள்ள இந்த மோகம் எங்கள் பள்ளத்தாக்குக்கும் உண்டு. கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பக்கம் பென்னிகுயிக் படம் இல்லாத கடை குறைவு. ஜனவரி 15 அவர் பிறந்தநாள் என்று பொங்கல் வைக்கிற ஊர்கள் உண்டு. சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை நான் மூன்றாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். அந்தக் கதை நிஜமா என்ற சண்டைக்குள் போகவில்லை. அவர் ராணுவப் பொறியாளர், முல்லைப் பெரியாறு அணை மதராஸ் மாகாணப் பொதுப்பணித் துறையின் வேலை. 1887இல் ஆரம்பித்து 1895 வரை ஆனது. தொடக்கத்தில் போட்டதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். வேலையை நிறுத்தவில்லை. எங்கள் நெல்லுக்கும் திராட்சைக்கும் பாய்கிற தண்ணீர், ஒருமுறை உடைந்ததும் கோப்பை மூடிவைக்காத ஒரு துறையால் வந்தது. சரஸுக்கு அந்தத் துறை கிடைக்கவில்லை.

மென்பொருள் போதும் என்கிற என் நண்பர்களுக்கு, தொழில்முறையில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுதிய நிரலை ஓட்டும் சர்வரை நாளைக்கு வேறொருவன் தரமாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்? வேறு இடத்தில் வாடகைக்கு எடுப்பீர்கள், ஒரு வாரத்தில் முடியும். ரேடார் விமானத்தில் அது நடக்காது. ஆண்டெனாவை எங்கே ஏற்றுவது, அதற்கு எவ்வளவு மின்சாரம், எடை கூடினால் வால்பகுதி எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் உடம்பைச் செய்தவன் மேசையில் முடிவாகிறது. நேத்ராவுக்கான மாற்றங்களோடு அந்த விமானம் முதலில் பறந்ததே பிரேசிலில்தான், 2011இல். நம் மென்பொருள் அங்கே தீர்மானமான உடம்புக்குள் ஒடுங்கிக்கொண்டது.

என்.ஏ.எல். இப்போது 19 இருக்கை கொண்ட சரஸ் மார்க்-2 என்கிறது. ஆய்வகத்துக்கு இன்னும் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் செய்தித்தாளில் ஒரு பத்தி வரும், அவ்வளவுதான். பாதுகாப்பு அமைச்சகம் 80 விமானங்களுக்குக் கையெழுத்துப் போடட்டும். முதல் 10 மோசமாக இருக்கும் என்று தெரிந்தே போடட்டும். அந்த 10ஐயும் நம் விமானப்படை வாங்கி, ஓட்டி, திட்டி, பழுதுப் பட்டியலோடு தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பட்டும்.