சிக்னல் கம்ப்யூட்டருக்கு நடப்பவர்கள் தெரிகிறார்களா?

கம்ப்யூட்டர் என்றதும் மேஜை மேல் இருக்கும் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவுக்கு வரும். நாற்சந்தியில் சிவப்பு, பச்சை விளக்குகளை மாற்றுவதும் ஒரு கம்ப்யூட்டர்தான். சாலையோரத்து இரும்புப் பெட்டிக்குள் அது இருக்கிறது. அதற்கும் இன்புட் வேண்டும், செட்டிங்ஸ் வேண்டும்.

இன்புட் எப்படிக் கிடைக்கிறது? பல நாடுகளில் சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் பதிக்கிறார்கள். மேலே கார் வந்து நின்றால், அதன் உலோகத்தால் சுருளின் மின் தன்மை மாறும். பெட்டிக்குத் தகவல் போகும். சைக்கிளில் உலோகம் குறைவு என்பதால் சுருள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். நடந்து வருபவரைச் சுருளுக்குத் தெரியவே தெரியாது. அவருக்கென்று பட்டன் வைத்தால்தான் உண்டு.

அடுத்தது செட்டிங்ஸ். சாலையைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிட, நடை வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று நெடுங்காலமாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து, சாலை அகலம் 15 மீட்டரை 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 12.5 வினாடி வரும். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டி அந்த நேரத்தில் 10 மீட்டர்தான் கடந்திருப்பார். மீதி 5 மீட்டரை அவர் வண்டிகளுக்கு நடுவேதான் கடக்க வேண்டும்!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2009-ல் தொடங்கிய 'கிரீன் மேன் பிளஸ்' வசதியில், முதியவர்கள் தங்கள் கார்டைப் பட்டனுக்கு மேலுள்ள ரீடரில் காட்டினால், கூடுதலாக 3 முதல் 13 வினாடி வரை கிடைக்கும். நியூயார்க்கில் பல சந்திப்புகளில் வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்குச் சில வினாடி முன்பே நடப்பவர்களுக்கு வழி விடுகிறார்கள். 2019-ல் வந்த சட்டப்படி சைக்கிளில் செல்பவர்களும் அந்த வினாடிகளிலேயே கிளம்பலாம்.

"நேரம் கூட்டினால் வண்டிகள் தேங்குமே" என்பார்கள். சிங்கப்பூர் முறையில் கார்டு காட்டும்போது மட்டும்தான் நேரம் கூடுகிறது. ஒரு உயிருக்காகச் சில வினாடி காத்திருப்பது பெரிய இழப்பு அல்ல என்பது என் கருத்து.

"கம்ப்யூட்டர்தான் அப்படிச் செய்கிறது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வினாடிகளை நிர்ணயித்தவர் மனிதர்தான். அவரால் மாற்றவும் முடியும். உங்கள் ஊர்ச் சந்திப்பில் பச்சை எத்தனை வினாடி எரிகிறது, முதியவர் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கடிதமாக டைப் செய்து போக்குவரத்துக் காவல் துறைக்கு அனுப்புங்கள். நீங்கள் வாங்கிய புதுக் கம்ப்யூட்டருக்கு இது நல்ல வேலை.