கணவாய்க்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படி?

ஐந்தருவியில் குளித்துவிட்டுச் செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆரியங்காவு. கேரளத்தின் கொல்லம் மாவட்டம். அந்த மாநிலத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தை லினக்ஸில்தான் படிக்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர் காதில் விழுவது வேறு: “லினக்ஸா? அதெல்லாம் இன்ஜினியருங்களுக்கு சார்.”

இந்த நம்பிக்கை எதன்மீது நிற்கிறது? கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், இன்றைய ‘கைட்’, பள்ளிகளைப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. 2019இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்காக உபுண்டு 18.04-ஐ ஒட்டிய பதிப்பை அது வெளியிட்டது. அவற்றில் பாடம் நடத்துகிறவர்கள் சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள். செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. எல்லைக்கோடு நகராமல் இருந்திருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் லினக்ஸ் புரிந்திருக்கும் போல!

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டுவுக்கும் இடம் உண்டு. வீட்டுக்குள் வந்துவிட்ட ஒன்றை ‘உங்களுக்கு ஆகாது’ என்று சொல்வது, தனக்குப் பழக்கமில்லாததைக் கஷ்டம் என்று பெயரிட்டு ஒதுக்கும் வசதிதான்.

இதே நம்பிக்கை படித்தவர்களிடம் வேறு வேடத்தில் வரும். நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் வகைகளில், சரியானதைத் தேர்ந்தெடுத்த பிறகே கைவைக்க வேண்டுமாம். ஜாதகப் பொருத்தம் தோற்றது! மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது, உபுண்டு டெபியனிலிருந்து வந்தது, பாஸும் டெபியன் வழிதான். புதிதாக வருகிறவர் மின்ட், உபுண்டு இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியென்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இதற்குமேல் யோசிப்பது பொழுதுபோக்கு.

யோசிக்க வேண்டியது வேறு இடத்தில். 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, கணினியில் உள்ள எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அதன்பின் படங்களையும் பத்திரங்களையும் வெளி டிஸ்கில் நகலெடுக்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியைக் குறித்து வைக்க வேண்டும். நிறுவும்போது ‘டிஸ்கை முழுதாக அழி’ என்பதை அவசரத்தில் அழுத்தினால் எந்த டிஸ்ட்ரோவும் காப்பாற்றாது.

உண்மையான தடைகளும் உண்டு. டேலியில் கணக்கெழுதும் கடையும், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டரும் அந்த வேலைக்கு ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும் விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. பிரவுசரும் மின்னஞ்சலும் கடிதம் தட்டச்சு செய்வதும் மட்டுமே வேலை என்ற வீட்டுக்காரரிடம் ‘புதுசு வாங்குங்க’ என்று சொல்லும் கடைக்காரர், ஒரு பென்டிரைவைச் செருகிக் காட்டிய பிறகு சொல்லட்டும்.