மழையின் மேல் பழியா?

மாரி பிறந்தால் மட்டக்களப்பு வாவி நிறைகிறது. வலைவீசி வாழ்வோரின் நெஞ்சமும் நிறைய வேண்டும். நிறைகிறதா? முதல் மழையோடு வாவியைத் தேடி வருவது தண்ணீர் மட்டுமன்று. நெல் ஆலை முற்றத்து உமிச்சாம்பல், வாகனத் திருத்துமிடத்துக் கழிவெண்ணெய், மடுவத்துக் குருதி ஆகிய கோடையெல்லாம் தேங்கிய அழுக்கும் வடிகான் வழியே வந்திறங்குகிறது. கேட்டால், “மழை கொண்டுபோயிற்று, நாங்கள் என்ன செய்வோம்?” என்கிறார்கள். முற்றம் யாருடையது? குவித்தவர் யார்? இவற்றுக்கு விடையிறுக்காமல் வானத்தைச் சுட்டிக்காட்டுவது நியாயமாகுமா?

சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. 1988இல் அது திருத்தப்பட்டு, தொழிலகங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு வர்த்தமானி தொழில்களை 80, 33, 25 என மூன்று பட்டியல்களாக வகுத்து, மூன்றாம் பட்டியலின் பொறுப்பை உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்தது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில், ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் திண்மங்கள் இருத்தலாகாது என்றும் அவ்வாண்டு விதிக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் அது குழாயின் வாயில் நின்று அளக்கும் விதி. முற்றத்தைக் கழுவி வேலியோரமாக ஓடும் மழைநீருக்குத் தனி அனுமதியும் இல்லை. தனிக் கட்டணமும் இல்லை. குழாய்க்குக் காவல், முற்றத்துக்குத் திறந்த வாசல்!

வாவியின் இயல்பை அறிந்தவர்கள் இதை எளிதாக எண்ணமாட்டார்கள். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு கடலைத் தொடும் வாய்கள் சிலவே. பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக் கிடக்கும் காலத்தில், வந்த அழுக்கு வெளியேற வழியில்லை. இறாலும் நண்டும் வளரும் சேற்றிலேயே அது படிகிறது. ஆலையார் மிச்சம்பிடித்த செலவை மீனவர் குடும்பம் தன் உலையிலிருந்து செலுத்துகிறது. இதுவே நாம் காணும் அநீதி.

பிற நாடுகள் இப்பாடத்தை முன்பே கற்றன. 1972இல் நீர்ச்சட்டம் இயற்றிய அமெரிக்கா, தொழிலக மழைநீரைச் சரிவரக் கவனியாத பிழையை உணர்ந்து 1987இல் அச்சட்டத்தைத் திருத்தியது. 1990இல் அதற்கு அனுமதி விதிகளை வகுத்தது. ஜேர்மனிய நகரங்கள் பலவற்றில், மழை ஊறாதபடி மூடப்பட்ட நிலப்பரப்பை அளந்து கட்டணம் விதிக்கிறார்கள். தொலைவு போவானேன்? சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்ற வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென நமது உயர் நீதிமன்றமே 2019இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் கிணறு கெட்டபின் கிடைக்கும் பணம் கிணற்றைத் திருப்பித் தருமா? வெள்ளம் வருமுன் அணை கோலுவதன்றோ அறிவுடைமை!

“சிறு ஆலைக்காரர் தாங்கமாட்டார்” என்பார்கள். அவர்களை நசுக்க நாம் கேட்கவில்லை. முற்றத்தின் பரப்புக்கும் அழுக்கின் தன்மைக்கும் ஏற்பக் கட்டணம் அமையட்டும். குவியலுக்குக் கூரையிட்டு, எண்ணெய் சிந்துமிடத்தில் வரம்பு கட்டி, வண்டல் படியக் குழி தோண்டியவருக்குக் கட்டணத்தைக் குறையுங்கள். அதற்கு வேண்டியவை மண்வெட்டியும் தகரமும் மனமுமே. எதுவும் செய்யாதவரிடம் முழுவதையும் அறவிடுங்கள்.

அறவிட்ட பணம் கொழும்பின் பெட்டகத்தில் உறங்கலாகாது. வாவிக்கரைச் சபைகளிலேயே தங்கி, வடிகான் முனைகளில் வண்டல் தொட்டிகளாக வேண்டும். சபைகளுக்கும் ஒன்று சொல்வோம்: அனுமதி வழங்கும் கைக்கே வடிகான்களும் சொந்தம். தன் வடிகானைத் துப்புரவு செய்யாத சபை பிறர் முற்றத்தை எந்த முகத்தோடு சோதிக்கும்?

மீன் பாடும் தேனாடு என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். மீன் மடிந்த வாவியில் எது பாடும்? அடுத்த மாரிக்குள் விதி செய்யுங்கள். மழை குற்றமற்றது; குற்றவாளி முற்றத்தில் இருக்கிறான்.