கடலைத் தாண்டுமுன் கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை என்றதும், வீட்டார் கேட்கும் ஒரே கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். போவதற்கு என்ன செலவு, கடனுக்கு என்ன வட்டி என்று யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் அபசகுனமாம்!

ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கிப் போகிறவன் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே அழவேண்டும். 2 வருஷ ஒப்பந்தம் முடிவதற்குள் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். அவன் யாருக்காக உழைக்கிறான்?

சட்டம் இல்லாமலில்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு தன் கூலியாக 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம், ரசீதும் தரவேண்டும். பத்தாவது தேறாதவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அப்படிப் போகிறவன் 275 ரூபாயும் வரியும் கட்டினால், 2 வருஷத்துக்குப் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. "சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிற தரகன் இந்தப் பாதுகாப்பையெல்லாம் ஒரே பேச்சில் பறித்துவிடுகிறான்.

கொன்றைவேந்தனைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன ஔவை, தாலியை அடகு வைத்துத் தேடச் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆவடிச் சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாம், பிள்ளையின் 2 வருஷத்தை மட்டும் கேட்ட விலைக்குக் கொடுக்கலாமா?